புதிய ஸ்டென்ட்: எத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள்?

ஆஞ்சியோகிராம் முடிந்து, இதய இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று சொன்னவுடன், வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் பெரும்பாலும் இரண்டு செய்திகளைச் சொல்கிறார்கள். ஒன்று, "உயிருக்கு ஒன்றும் ஆகாதே, டாக்டர்?" மற்றொன்று, "இப்போது புதிதாக எது வந்திருக்கிறதோ அதையே வைத்துவிடுங்கள். செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம்." நகையை அடகு வைத்துக்கூட அந்தச் செலவை ஏற்கத் துணிந்துதான் பலர் இப்படிப் பேசுகிறார்கள். அந்த அன்பை மதிக்கிறேன். ஆனால் அதற்குள், பின்னால் வந்தது முன்னால் வந்ததைவிட நல்லதாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. கைபேசிக்கு அது பொருந்தலாம். ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் இருக்கப்போகும் ஒரு பொருளுக்கு அது பொருந்தாது என்பதே என் கருத்து. கரையும் ஸ்டென்ட்டின் வரலாற்றை அறிந்தால், நான் இப்படிச் சொல்வதன் காரணம் விளங்கும்.

முதலில் சிறிது முன்கதை. 1977ஆம் ஆண்டு சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், சுருங்கிய இதய இரத்தக்குழாயைச் சிறு பலூன் கொண்டு விரித்தார். விரித்த குழாய் பலருக்கு மீண்டும் சுருங்கியது. அதைத் தாங்கிப் பிடிக்க, 1986இல் பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் முதன்முதலாக மனிதரின் இதய இரத்தக்குழாயில் உலோக வலைக்குழல் வைக்கப்பட்டது. நம் ஊரில் 'ஸ்பிரிங்' என்று மக்கள் அழைப்பது இதைத்தான். உலோகத்தைச் சுற்றித் தசை வளர்ந்து மறுபடியும் அடைத்துக்கொண்டபோது, அந்த வளர்ச்சியைத் தடுக்கும் மருந்தைப் பூசிய ஸ்டென்ட்டுகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தன. அவற்றில் முதலில் பயன்பட்ட சிரோலிமஸ் என்னும் மருந்து, பசிபிக் கடலின் நடுவே இருக்கும் ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்தது. அதைப் பிரித்தெடுத்துப் போற்றிக் காத்தவர், பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபில் பிறந்து கனடாவில் பணிபுரிந்த அறிவியலாளர் சுரேந்திரநாத் சேகல். அவர் பெயரை அறிந்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அதனால் இங்கே குறிப்பிடுகிறேன்.

அடுத்து எழுந்த கேள்வி மிக இயல்பானது. விரித்த இரத்தக்குழாய் ஆறித் தன் நிலைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஓராண்டு போதும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அந்த உலோகம் அங்கே எதற்கு? கட்டடம் எழும்பியபின் சாரத்தைப் பிரித்துவிடுவது போல, வேலை முடிந்ததும் ஸ்டென்ட்டும் மறைந்துவிட்டால் குழாய் பழையபடி சுருங்கி விரியும். பின்னாளில் அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டாலும் அந்த இடத்தில் உலோகம் குறுக்கே நிற்காது.

இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள் பாலிலாக்டிக் அமிலம். உடலிலுள்ள நீரே இதைச் சிறிது சிறிதாக உடைத்து லாக்டிக் அமிலமாக மாற்றும். அது பின்னர் கரியமில வாயுவாகவும் நீராகவும் வெளியேறிவிடும். அறுவைச் சிகிச்சையில் தானே கரையும் தையல் நூல் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், 1970களிலிருந்து பயன்பட்டுவருகிறது. ஜப்பானில் 1998இலேயே இப்பொருளால் ஆன ஸ்டென்ட்டை நோயாளிகளுக்கு வைத்துப் பார்த்தார்கள். 2006இல் அபாட் நிறுவனத்தின் 'அப்சார்ப்' என்ற, மருந்து பூசிய கரையும் ஸ்டென்ட் 30 நோயாளிகளிடம் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. 2011இல் ஐரோப்பாவில் விற்பனைக்கான அனுமதி கிடைத்தது. இந்தியாவுக்கும் வந்தது.

'கரையும்' என்ற சொல் இங்கே பெரிய குழப்பத்தை உண்டாக்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடைப்பைக் கரைக்கும் ஸ்டென்ட் என்றே பலர் புரிந்துகொண்டார்கள். இன்றும் அவ்வாறு கேட்பவர்கள் உண்டு. கரைவது ஸ்டென்ட் மட்டுமே. கொழுப்புப் படிவு குழாய்ச் சுவரோடு அழுத்தப்பட்டு அங்கேயேதான் இருக்கிறது. அதனால்தான் எந்த ஸ்டென்ட் வைத்தாலும் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லை.

இனி, இந்தக் கருத்து எங்கே தடுமாறியது என்பதைப் பார்ப்போம். இரும்புக் கம்பி தாங்கும் பாரத்தை மூங்கில் தாங்க வேண்டுமானால், மூங்கில் தடிமனாக இருக்கத்தான் வேண்டும். அதே நிலைதான் இங்கும். அக்காலத்தில் சிறந்து விளங்கிய உலோக ஸ்டென்ட் ஒன்றின் கம்பித் தடிமன் 81 மைக்ரான். அப்சார்ப்பின் தடிமனோ ஏறத்தாழ 157 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய வேறுபாடு என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். வாய்க்காலின் நடுவே ஒரு கல் கிடந்தால் அதன் பின்புறம் நீர் சுழன்று, குப்பை சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டரை மில்லிமீட்டர் அகலமுள்ள இரத்தக்குழாயில் தடித்த கம்பி செய்வதும் அதுதான்: இரத்தம் அங்கே தயங்குகிறது, உறைகிறது. குழாய் எவ்வளவு சிறியதோ அவ்வளவு ஆபத்து.

இதோடு முடியவில்லை. உலோகத்தைச் சற்றே அதிகமாக விரித்தாலும் தாங்கும். இந்தப் பொருள் அளவுக்கு மீறி விரித்தால் முறியும். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும். இது தெரியாது, இரு முனைகளிலும் பதித்த சிறு பிளாட்டினப் புள்ளிகளை வைத்தே இடத்தைக் கணிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, கரைதல் என்பது சர்க்கரைக் கட்டி நீரில் மறைவது போல அமைதியாக நடப்பதன்று. வலு குறைந்த பகுதிகள் குழாய்ச் சுவரோடு சேர்ந்து மூடப்படாமல் இருந்தால், அவை தளர்ந்து இரத்த ஓட்டத்துக்குள் நீட்டிக்கொள்ளும். வைத்து இரண்டு ஆண்டுகள் கடந்து, எல்லாம் நலம் என்று நோயாளி நம்பியிருக்கும் வேளையில், அந்த இடத்தில் உறைவு ஏற்பட்டு மாரடைப்பு வரலாம்.

எண்கள் இதைக் காட்டின. அமெரிக்காவில் பெரும்பகுதி நடந்த, 2,008 பேர் பங்கேற்ற ஆய்வின் ஓராண்டு முடிவு 2015இல் வெளியானது. உலோக ஸ்டென்ட்டைவிடக் குறிப்பிடத்தக்க அளவு தாழ்ந்ததல்ல என்றது அம்முடிவு. அதை முதன்மைச் சான்றாகக் கொண்டு 2016 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. எட்டே மாதங்களில், 2017 மார்ச்சில், அதே அமைப்பு மருத்துவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஈராண்டு முடிவில் இதயம் சார்ந்த பெரும் பாதிப்புகள் அப்சார்ப் வைத்தவர்களில் 11 விழுக்காடு, உலோக ஸ்டென்ட் வைத்தவர்களில் 7.9 விழுக்காடு. அதே மாதத்தில் நெதர்லாந்திலிருந்து 1,845 பேரைக் கொண்ட மற்றோர் ஆய்வு வந்தது. அதில் ஈராண்டுகளில் ஸ்டென்ட்டுக்குள் இரத்தம் உறைந்தது கரையும் வகையில் 3.5 விழுக்காட்டினருக்கு, உலோக வகையில் 0.9 விழுக்காட்டினருக்கு. 2017 செப்டம்பரில், விற்பனை குறைவைக் காரணம் காட்டி, நிறுவனம் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது.

இதில் மோசடி எதுவும் நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆய்வுகள் முறையாக நடந்தன. முடிவுகள் மறைக்கப்படாமல் வெளிவந்தன. அதனால்தான் நாம் இன்று இவற்றைப் பேச முடிகிறது. என் குறை வேறு. முழுதும் கரைய ஏறத்தாழ மூன்றாண்டுகள் எடுக்கும் ஒரு பொருளை, ஓராண்டு முடிவைக் கொண்டு மதிப்பிட்டது சரியா? அந்த ஓராண்டில் அது இன்னும் கரையவே தொடங்காத குழலாகத்தானே பெருமளவு இருந்தது? அதன் தனிச்சிறப்பு எதுவோ, அதைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதப்பட்டது. மாத்திரை ஒவ்வாவிட்டால் நிறுத்திவிடலாம். உள்ளே வைத்த ஸ்டென்ட்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே உள்ளே வைக்கும் பொருளுக்கு, அதன் முழு ஆயுளும் கண்காணிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கேட்பது மிகையான எதிர்பார்ப்பாக எனக்குத் தோன்றவில்லை.

"அப்படிக் காத்திருந்தால் புதியது எதுவும் வராதே" என்று சக மருத்துவர்கள் என்னிடம் வாதிடுவதுண்டு. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. இன்று நாம் தயக்கமின்றி வைக்கும் மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்டும் 2006 வாக்கில் இதே அச்சத்தைச் சந்தித்தது; காலம் கடந்து உறைவு ஏற்படுகிறது என்று கண்டறிந்து, கம்பியை மெலிதாக்கி, பூச்சை மாற்றித்தான் இந்த நிலைக்கு வந்தது. அப்சார்ப் வைத்தவர்களை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும், மூன்றாண்டுகளுக்குப் பின் அந்தக் கூடுதல் ஆபத்து தொடரவில்லை. கருத்து தவறன்று, முதல் வடிவம் போதவில்லை என்று கொள்ள இடமிருக்கிறது.

அதற்கு அண்மைச் சான்றும் உண்டு. சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே இரத்தக்குழாய் அடைத்து, ஆறாத புண்ணோடு, காலை இழக்கும் நிலையில் வருபவர்களை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அங்கே பலூன் கொண்டு விரித்தால் விரைவில் மறுபடியும் அடைத்துக்கொள்கிறது. இத்தகைய 261 நோயாளிகளிடம், 99 மைக்ரான் தடிமனுக்கு மெலிதாக்கப்பட்ட கரையும் ஸ்டென்ட்டைப் பலூன் சிகிச்சையோடு ஒப்பிட்ட ஆய்வு 2023இல் வெளியானது. கணுக்காலுக்கு மேல் கால் அகற்றப்படாமல், குழாய் மீண்டும் அடைக்காமல், மறு சிகிச்சை தேவைப்படாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 74 விழுக்காடு. பலூன் குழுவில் 44 விழுக்காடு. 2024 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இதயத்தில் தோற்ற கருத்து காலில் வென்றது எப்படி? பொருள் மெலிந்தது ஒரு காரணம். மற்றொன்று, போட்டியாளர் வேறு. இதயத்தில் அதன் எதிரே நின்றது நன்றாகத் தேர்ந்த உலோக ஸ்டென்ட். காலில் நின்றது வெறும் பலூன். ஆகவே ஒரு புதிய சிகிச்சை வெற்றி பெற்றது என்று நாளிதழில் படிக்கும்போது, எதைவிட என்று கேட்டுக்கொள்ளுங்கள். இங்கும் 2023இல் வந்தது ஓராண்டுக் கணக்கு என்பதை மறக்காமல், அடுத்த ஆண்டுகளின் முடிவுகளையும் பார்க்க வேண்டும் என்பேன்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். கரையும் ஸ்டென்ட் ஒரு காலத்தில் இங்கே ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. விலை கூடியதால் தரமும் கூடியது என்றே பலர் எண்ணினார்கள். 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், மருந்து பூசிய உலோக ஸ்டென்ட்டுக்கும் கரையும் ஸ்டென்ட்டுக்கும் ஒரே உச்சவரம்பாக 29,600 ரூபாயை விதித்தது. முன்னர் கொடுத்த கூடுதல் பணம் கூடுதல் பாதுகாப்பை வாங்கித் தரவில்லை என்பதை அடுத்த மாதத்து ஆய்வு முடிவுகள் காட்டின.

எனவே, உங்கள் மருத்துவரிடம் "இது புதியதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இதை எத்தனை பேருக்கு வைத்து, எத்தனை ஆண்டுகள் பார்த்திருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். எங்களுக்கு அது மனத்தாங்கலாகத் தோன்றாது. ஆய்வில் சேருமாறு அழைக்கப்பட்டால், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டாரோடு படித்துவிட்டு முடிவெடுக்கலாம். மறுத்தால் வழக்கமான சிகிச்சை குறையாது.

முன்பே கரையும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். 2017க்குள் வைத்த அப்சார்ப் இந்நேரம் கரைந்திருக்கும். ஆனால் ஸ்டென்ட் கரைந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எந்த வகை ஸ்டென்ட்டாயினும், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, குறிப்பாக முதல் மாதங்களில், ஸ்டென்ட்டின் எந்தக் குறையையும்விடப் பெரிய ஆபத்து. பல் பிடுங்கவோ வேறு அறுவைக்கோ போகும் முன்னும் எங்களிடம் கேளுங்கள்.

ஸ்டென்ட் பெட்டியில் இருக்கும் ஸ்டிக்கரில் அதன் பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் அச்சிட்டிருக்கும். அதை உங்கள் கோப்பில் ஒட்டியிருப்பார்கள். கட்டண ரசீதிலும் ஸ்டென்ட்டின் விலை, நிறுவனம், தொகுதி எண் ஆகியவை தனியே குறிப்பிடப்பட வேண்டும் என்பது அதே 2017ஆம் ஆண்டு ஆணை. இரண்டையும் கைபேசியில் படம் பிடித்து, வீட்டில் இன்னொருவர் கைபேசிக்கும் அனுப்பிவையுங்கள். வெளியூரில் திடீரென நெஞ்சுவலி வந்து வேறொரு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், அங்குள்ள மருத்துவருக்கு உடனே தேவைப்படும் விவரங்களில் இதுவும் ஒன்று.