எத்தனை ஹெச்.பி. என்று கேட்காதீர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, வங்கியில் என்னோடு இருபது வருஷம் குப்பை கொட்டிய நண்பர் போன் செய்தார். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. பேரனுக்குத் தொட்டில், பூஜை அலமாரி, ஊஞ்சல் பலகை என்று பெரிய பட்டியல் வைத்திருக்கிறார்.

"சார், டேபிள் சா வாங்கப் போறேன். ஒன்றரை ஹெச்.பி. போதுமா, ரெண்டு வேணுமா?"

"அதுல ரிவிங் நைஃப் இருக்கா?" என்றேன்.

"அதெல்லாம் கேக்கலையே. கடைக்காரர் மேஜையோட சேத்துத் தர்றேங்கிறார். மலிவா முடிஞ்சுடும் சார்."

மேஜையோடு தருவது என்னவென்று எனக்குத் தெரியும். நீங்களும் மரவாடிப் பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ஒரு இரும்புத் தகட்டு மேஜை, நடுவில் ஒரு பிளவு. கையில் பிடித்து அறுக்கிற ஏழு அங்குல சர்க்குலர் சாவைத் தலைகீழாகக் கீழே மாட்டியிருப்பார்கள். கைவிட்டால் நின்றுவிட வேண்டிய அதன் சுவிட்சை டேப்பால் சுற்றி எப்போதும் ஆனிலேயே வைத்திருப்பார்கள். மேலே மூடி கிடையாது, பல் தெரிய பிளேடு நிற்கும். இதை டேபிள் சா என்று விற்கிறவரைப் பிடித்து ஒரு நாள் முழுக்க அதிலேயே ரீப்பர் அறுக்க விட வேண்டும் என்பது என் கட்சி.

நம் வயசுக்காரர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஹெச்.பி.தான். போர்வெல் மோட்டார் வாங்கிய பழக்கம். முக்கால் அங்குலத் தேக்குச் சட்டம் அறுக்கிற நமக்கு ஒன்றரையும் ஒன்றுதான், இரண்டும் ஒன்றுதான். கொஞ்சம் மெதுவாகத் தள்ளினால் போகிறது.

கேட்க வேண்டியது வேறு. மரம் காய்ந்த பிறகும் அதற்குள்ளே ஒரு இறுக்கம் இருக்கும். நீளவாக்கில் கிழிக்கும்போது இரண்டு பாதியும் சில சமயம் விரியும், சில சமயம் ஒன்றையொன்று நெருங்கி மூடும். மூடினால் பிளேடின் பின்பக்கத்தைக் கவ்வும். முன்பக்கத்துப் பல் மரத்தை மேஜையோடு சேர்த்து அழுத்துகிறது, பின்பக்கத்துப் பல்லோ மேல்நோக்கி எழும்புகிறது. கவ்விய மரத்தை அது தூக்கி, தள்ளிக்கொண்டிருக்கிறவர் மேலேயே எறியும். பத்து அங்குல பிளேடு நிமிஷத்துக்கு 4,800 சுற்று சுற்றினால் பல் நுனியின் வேகம் மணிக்குச் சுமார் 230 கிலோமீட்டர். மரம் இருந்த இடத்தில் சட்டென்று மரம் இல்லாமல் போக, அதைப் பிடித்திருந்த கை எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நாம் கவனமாக இருந்தால் போதும் என்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. கையை எடுக்க நேரமே கிடைக்காது.

ரிவிங் நைஃப் என்பது பிளேடுக்குப் பின்னால் ஒட்டி நிற்கிற ஒரு வளைந்த எஃகுத் தகடு. அறுத்த பிளவு மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். பிளேடை ஏற்றினால் கூடவே ஏறும், இறக்கினால் இறங்கும். அதன் கனம் பிளேடின் உடம்பை விடக் கூடுதலாகவும், பல் அறுக்கிற அகலத்தை விடக் குறைவாகவும் இருக்க வேண்டும். வேறு வித்தை எதுவும் அதில் இல்லை.

இவ்வளவு பேசுகிற நான் யோக்கியனா? இல்லை. என் மிஷினில் அது இருந்தது. ஒரு டிராயரின் அடிப்பலகைக்குக் காடி எடுக்க மூடியையும் தகட்டையும் கழற்றினேன். தகட்டைக் கழற்றாமல் கீழே இறக்கி வைக்கவே வழி இருந்தது, கூட வந்த புத்தகத்தைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். காடி முடிந்த பிறகு திரும்ப மாட்டச் சோம்பல். பதினோரு நாள் ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு ரப்பர் மரச் சட்டம் கவ்வி எகிறி என் வயிற்றில் அடித்தது. இடது பெருவிரல் நுனி நகத்தோடு போனது. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவன் நான், ரத்தம் லேசில் நிற்கவில்லை. சர்க்கரையும் உண்டு, ஆறுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. வீட்டம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டரிடம் நான் உளறியதைக் கேட்டிருக்கிறாள் போல. வீட்டுக்கு வந்ததும் டிராயரைத் திறந்து அந்தத் தகட்டை எடுத்துச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஆசாரிகள் நாற்பது வருஷமா மூடி இல்லாமத்தானே அறுக்கிறாங்க" என்பார்கள். நண்பரும் சொன்னார். எங்கள் வீட்டு நிலையும் கதவும் செய்த ஆசாரிக்கு இடது கையில் மூன்றரை விரல். பாதி விரலை இழந்த நாளில் அவருக்குச் சம்பளமும் இல்லை. அவர் வயிற்றுப்பாட்டுக்காக, அடுத்தவர் கொடுத்த மிஷினில் அறுத்தார். பென்ஷன் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்குக்கு அறுக்கிற நாம் அவரைச் சாட்சிக்கு இழுக்கலாமா?

அமெரிக்காவில் டேபிள் சாவால் நாளொன்றுக்குச் சுமார் பத்துப் பேர் விரலோ விரல் நுனியோ இழக்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு சொல்கிறது. அங்கே ஸ்டீபன் காஸ் என்ற இயற்பியல்காரர், சதை பட்டதும் சில மில்லி வினாடியில் பிளேடை நிறுத்துகிற சாஸ்டாப் மிஷினைக் கண்டுபிடித்தார். அருமையான சாமான், விலையும் அப்படியே. அது முடியாது என்பதற்காகத் தகடும் வேண்டாம் என்பது, கார் வாங்க முடியாதவன் ஸ்கூட்டரில் பிரேக்கைக் கழற்றுகிற கதை.

கரண்ட் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை எந்த வீடியோவிலும் நம் ஊருக்கென்று சொல்ல மாட்டார்கள். அறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. சுவிட்சை அணைக்க மறந்து, பிளேடு மேல் குனிந்து தூசி தட்டுகிறோம். கரண்ட் வருகிறது. நல்ல மிஷினில் மறுபடி பொத்தானை அமுக்கினால்தான் ஓடும். டேப் சுற்றிய சுவிட்சுக்கு அந்தப் புத்தி கிடையாது. கடையிலேயே ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் சொருகிப் பாருங்கள். தானாக ஓடினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அப்படியே மரத்துக்கு அணைவாக வைக்கிற ஃபென்ஸ் சட்டம், பூட்டிய பிறகு பிளேடுக்கு இணையாக நிற்கிறதா என்று முன்னும் பின்னும் டேப் வைத்து அளந்து பாருங்கள். பின்பக்கம் நெருங்கியிருந்தால் அதுவும் மரத்தைக் கவ்வ வைக்கும். வேஷ்டி, துண்டு, கையுறை மூன்றும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

பணம் பத்தவில்லை என்றால் மரவாடியிலேயே அகலத்துக்குக் கிழித்து வாங்கிக்கொண்டு, மிச்சத்தைக் கைவாளிலும் இழைப்புளியிலும் பாருங்கள். தொட்டிலுக்கு அது தாராளம். பேரன் கொஞ்சம் தாமதமாகத் தூங்குவான், அவ்வளவுதானே.

நண்பருக்குக் கோபம். "உங்களுக்கு ஆச்சுன்னா எல்லாருக்கும் ஆகணுமா சார்?" என்று வைத்துவிட்டார். கடைக்கு முன்பணம் கொடுத்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வரச் சொல்லி மெசேஜ் போட்டிருக்கிறேன். பார்த்ததற்கு நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.