படத்தில் இல்லாத பாட்டாளி

தோழர்களே! சினிமா பார்ப்பது பாவம் என்று உபதேசம் செய்யும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்ல நாம். வெள்ளித்திரையின் வலிமையை நன்கு அறிந்தவர்கள் நாம். ஆயிரம் மேடையேறிப் பேசியும் விளங்க வைக்க முடியாத ஒன்றை, இரண்டரை மணி நேரப் படம் ஏழை எளியவர் நெஞ்சில் ஆணி அடித்தாற்போலப் பதித்துவிடும். அதனால்தான் கேட்கிறோம்: அந்த இரண்டரை மணி நேரத்தில் பொய் பதிந்துவிட்டால், அந்த ஆணியைப் பிடுங்குவது யார்?

யுத்த காலத்து வீரப் படங்களுக்கு இன்றும் குறைவில்லை. எதிரியின் முகாமுக்குள் நாலு பேர் நுழைவார்கள்; பாலம் தகரும்; தொழிற்சாலை தீப்பற்றும். கள்ளக்குறிச்சிக் கடைவீதியிலும் சங்கராபுரம் பேருந்து நிலையத்திலும் நம் வாலிபர்கள் கைபேசியிலேயே இவற்றைப் பார்த்து மகிழ்கிறார்கள். மகிழட்டும், தடுக்கவில்லை. ஆனால் அத்தகைய படங்களில் உலகமே கொண்டாடிய ஒன்றின்மீது, நம் வட்டாரத்து மக்களுக்கு ஒரு வழக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட முடியாது.

1957-ல் வெளிவந்தது 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' என்னும் ஆங்கிலப் படம். டேவிட் லீன் இயக்கியது. ஏழு ஆஸ்கார் பரிசுகளை அள்ளியது. சயாம் காட்டில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரிட்டிஷ் கைதிகள், ரயில் பாதைக்காக ஒரு பாலம் கட்டுகிறார்கள். அவர்களுடைய கர்னல் அந்தப் பாலத்தையே தன் பெருமையாகக் கருதி மயங்குகிறார். காட்டு வழியே வந்த ரகசியப் படையினர் வெடி வைக்கிறார்கள். ரயிலோடு பாலம் ஆற்றில் விழுகிறது. கொட்டகை அதிர்கிறது.

நடந்தது என்ன? உண்மையான ஆற்றில் இருந்தவை இரண்டு பாலங்கள். ஒன்று மரத்தால் ஆனது, மற்றொன்று இரும்பால் ஆனது. ரகசியப் படை எதுவும் வந்து அவற்றைத் தகர்க்கவில்லை. 1945-ல் நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசின. கதைக்கு மூலமான பியர் பூலின் நாவலில்கூடப் பாலம் விழுவதில்லை! அங்கிருந்த உண்மையான பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி ஜப்பானியரோடு கைகோத்தவர் அல்லர். வேலையைத் தாமதப்படுத்தி, மரத்தூண்களில் கரையானைக் கொண்டு விட்டவர்கள் அவருடைய ஆட்கள். படம் அவரை அவமதித்தது என்று மீண்டு வந்த கைதிகள் குமுறினார்கள். அது அவர்கள் வழக்கு.

நம் வழக்கு வேறு. பாங்காக்குக்கு மேற்கிலிருந்து பர்மா வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதையைப் போட்டவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும்தானா? அவர்கள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்தத் துயரத்தை நாம் சிறிதும் குறைத்துப் பேச மாட்டோம். ஆனால் அவர்களைப்போல் மூன்று மடங்கு, 1,80,000-க்கும் மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் ஆகியோரோடு, மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களும் பல்லாயிரவர். மாண்டவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

படத்தில் அந்தத் தொழிலாளி எங்கே? தேடிப் பாருங்கள்! சாமான் தூக்கச் சில சயாம் பெண்கள் வருகிறார்கள், அவ்வளவுதான். இன்னும் ஒரு கொடுமை. அந்தப் படத்தை எடுத்த இடம் சயாமும் அல்ல. நமக்கு அண்டையிலுள்ள இலங்கையின் கித்துல்கல, களனி ஆற்றங்கரை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் நாட்டிலேயே எடுத்த படத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் சாவுக்கு இடமில்லை!

கூலி தருவோம், சில மாதத்தில் திரும்பலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் சேராதபோது அள்ளிக்கொண்டு போனார்கள். சில ஊர்களில் இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகை நிறைந்ததும் கதவைச் சாத்தி, ஆண்களை ரயிலேற்றியதாகவும் பதிவு உண்டு. 1943 மழைக்காலத்தில் காலரா புகுந்தது. கைதிகளிடையே ராணுவ மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, இறந்தவன் பெயரை எழுதி வைக்க ஆள் இருந்தது. தொழிலாளியிடம் என்ன இருந்தது? இன்று காஞ்சனபுரியில் கைதிகளுக்காக ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெயர் பொறித்து, புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. தொழிலாளிக்குக் காடே கல்லறை. பெயர்ப் பலகை இல்லை.

இதற்கும் கள்ளக்குறிச்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர் இருக்கலாம். 2019-ல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, அன்று தென்னார்க்காடு ஜில்லாவின் ஒரு தாலுகா. கங்காணிகள் மலேயாவுக்கு ஆள் பிடித்த ஜில்லாக்களில் தென்னார்க்காடும் ஒன்று, சேலமும் ஒன்று. கல்வராயன் மலையின் இரு புறத்துச் சமவெளியும் அந்த இரண்டு ஜில்லாக்களைச் சேர்ந்தவைதான். 1938-ல் இந்திய அரசு அந்த ஆள் ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை, கப்பல் கப்பலாக நம் மக்கள் போனார்கள். போனவர்களில் எத்தனை பேர் சயாம் காட்டில் விழுந்தார்கள்? கணக்கு வைத்தவர் யார்?

"சினிமா என்ன சரித்திரப் பாடமா? கற்பனைக்கு இடம் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும் ஐயா, வேண்டும்! தெரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பட்டும். தெரிந்த உண்மையைக் கற்பனையால் அழிக்க வேண்டாம் என்றே சொல்கிறோம். அழித்தால் என்ன ஆகும்? படம் பார்த்த பயணிகள் 'க்வாய்' ஆற்றைத் தேடிச் சயாமுக்கு வந்தார்கள். பாலம் இருந்ததோ மேக்லாங் ஆற்றின்மீது. 1960-களில் அந்த ஆற்றின் மேற்பகுதிக்கே க்வாய் யாய் என்று பெயர் மாற்றினார்கள்! திரையின் தவறுக்காக ஓர் ஆறு பெயரை மாற்றிக்கொண்டது. காட்டில் புதைந்தவனின் பெயரைத் தேடத்தான் ஆளில்லை.

உண்மையாக எடுக்க முடியாதா? முடியும். 1943 பிப்ரவரியில் நார்வே நாட்டுத் தீரர்கள் வெமோர்க் ஆலைக்குள் புகுந்து, துப்பாக்கி வெடிக்காமலே, நாஜிகளின் கன நீர்ச் சாதனங்களைத் தகர்த்தார்கள். 1948-ல் அதைப் படமாக்கியபோது அந்தத் தீரர்களில் சிலரே நடித்தார்கள். பிறகு 1965-ல் ஹாலிவுட் பாணிப் படம் ஒன்று வந்தது. கன நீர் ஏற்றிய படகை மூழ்கடிக்கும் கட்டத்தில், கதாநாயகன் அதில் ஏறிக் குழந்தைகளைக் காப்பாற்றுகிறான். நிஜத்தில், 1944 பிப்ரவரியில், பயணிகளுக்கு எச்சரிக்கை தர வழியில்லை. 18 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் நார்வே மக்களே. அந்த வேதனையைத் தாங்கித்தான் அவர்கள் காரியத்தை முடித்தார்கள். விலையை மறைத்தால் வீரமும் மலிந்துவிடும்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியுமா? நம் பக்கத்துப் பொய்யும் பொய்தான். மரண ரயிலின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. நேதாஜி சிங்கப்பூரில் சுதந்திர இந்தியத் தற்காலிக சர்க்காரைப் பிரகடனம் செய்தது அக்டோபர் 21. இடையே நான்கே நாள்! அண்ணனைச் சயாமுக்கு இழுத்துச் சென்ற ஜப்பானின் துணையோடுதான், தோட்டத்துத் தம்பி இந்திய தேசிய ராணுவத்தில் துப்பாக்கி ஏந்தினான். தம்பியின் தியாகம் பொய்யல்ல. அண்ணனின் சாவும் பொய்யல்ல. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைக்கும் படம், எவ்வளவு தேசபக்தி பேசினாலும் பாதிப் படமே.

மெய்யான ரகசியப் பயணம் எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. வக்கம் அப்துல் காதர் பினாங்கில் பயிற்சி பெற்று, ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து, 1942 செப்டம்பரில் மலபார்க் கரையில் தானூரில் இறங்கினார். பிடிபட்டார். 1943 செப்டம்பர் 10-ல் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டபோது வயது 26. அவரோடு அனந்தன் நாயர், சத்தியேந்திர சந்திர பர்தன், பௌஜா சிங் ஆகியோரும் தூக்கு மேடை ஏறினார்கள். அங்கே பாலம் வெடிக்கவில்லை. வெற்றி முழக்கம் இல்லை. ஆயினும் வீரம் இல்லை என்று யார் சொல்வார்?

ஏட்டில் ஏறாத உழைப்பு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்தது. மலைவாழ் மக்கள் அங்கே கொத்தடிமைகளாய் உழைத்தார்கள். நாளை அருவியையும் பச்சை மலையையும் படம் பிடிக்க வருபவர், அந்த உழைப்பைக் கேட்டறிவாரா? கேட்டால் எடுத்துக் கொடுக்க நம்மிடம்தான் ஏடு உண்டா?

ஆகவே, தோழர்களே, குறை கூறுவதோடு நின்றுவிடாதீர்கள். கிளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். சின்னசேலமோ தியாகதுருகமோ, மலைமேல் வெள்ளிமலையோ, ஊர் ஊராகச் சென்று முதியவர்களிடம் கேளுங்கள்: மலேயா போனவர் யார், எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது வந்தது, திரும்பாதவர் பெயர் என்ன? மலை மக்களிடம் ஜாகிர் காலத்து உழைப்பைக் கேளுங்கள். சொன்னது சொன்னபடி, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மலேசியத் தமிழர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவலே எழுதி வைத்தார். நம் ஊர்ப் பெயர்களை நாம்தான் எழுத வேண்டும்.

கேட்டறிந்து சொல்லக்கூடிய முதியவர்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நல்ல நாள் பார்க்க நேரமில்லை. இந்த வாரக் கிளைக் கூட்டத்திலேயே வேலையைத் தொடங்குங்கள்!