உடலுக்குள் வைத்த குழாய்க்குக் கணக்கு வைப்பது யார்?

கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் என்ன செய்வோம்? கிணற்றையா இடிப்போம்? பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். துழாவுவோம். கொக்கியில் வாளி மாட்டியதும் மெல்ல மேலே இழுப்போம்.

மனித உடலுக்குள்ளும் இப்படி ஒரு பாதாளக் கரண்டி வேலை நடக்கிறது!

நோய் தீர டாக்டர்கள் குழாய் வைக்கிறார்கள்; கம்பி வைக்கிறார்கள். அபூர்வமாகச் சில சமயம் அது முறிந்து விடுகிறது. முறிந்த துண்டு ரத்தத்தோடு ஓடி இருதயத்துக்குள் போய் உட்கார்ந்து கொள்கிறது. முன்பெல்லாம் அதை எடுக்க நெஞ்சைத் திறக்க வேண்டும். இப்போது தொடையில் ஒரு சிறு துளை போதும்.

கேட்க ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா? ஆனால் ஆச்சரியப்படுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு குறையும் சொல்லியாக வேண்டும்.

நர்சை ஏமாற்றிய டாக்டர்

ரத்தக் குழாய் வழியாக இருதயத்துக்குப் போகலாம் என்று காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் ஜெர்மன் டாக்டர். 1929-ம் ஆண்டு அது நடந்தது. அந்தச் சோதனை கூடாது என்று மேலதிகாரி தடுத்துவிட்டார். ஃபோர்ஸ்மன் கேட்கவில்லை. ஒரு நர்சிடம் விஷயத்தைச் சொன்னார். “என் மீதே செய்து பாருங்கள்” என்று அந்தப் பெண் முன்வந்தார். அவரை மேஜையில் படுக்க வைத்துக் கட்டினார் டாக்டர். பிறகு சத்தமில்லாமல் தன் கையிலேயே ரத்தக் குழாயைத் திறந்து, 65 செண்டிமீட்டர் நீளக் குழாயை உள்ளே செலுத்திக்கொண்டார்! அந்தக் குழாயோடு நடந்தே எக்ஸ்ரே அறைக்குப் போனார். குழாயின் நுனி இருதயத்தில் இருப்பதைப் படம் பிடித்தார்.

அப்போது அவருக்குக் கிடைத்தது ஏச்சுத்தான். 1956-ல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

போன குழாய் திரும்பி வராவிட்டால்? அந்தக் கேள்விக்கு 1964-ல் பதில் கிடைத்தது. ஒரு நோயாளியின் இருதயத்துக்குள் எஃகுக் கம்பித் துண்டு ஒன்று முறிந்து கிடந்தது. நெஞ்சைத் திறக்காமல், ரத்தக் குழாய் வழியாக நீண்ட இடுக்கி ஒன்றை அனுப்பி அதைப் பிடித்து எடுத்தார்கள். அந்தச் செய்தி அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் வந்தது.

சுருக்குப் போட்டுப் பிடிப்பது

இன்று இடுக்கியைவிடச் சுருக்குத்தான் அதிகம் பயன்படுகிறது. நிக்கலும் டைட்டானியமும் கலந்த மெல்லிய கம்பி. எவ்வளவு மடக்கினாலும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். அதன் நுனியில் ஒரு வளையம்.

தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. சிறு துளை வழியாகக் குழாய் உள்ளே போகிறது. டாக்டரின் கண் எக்ஸ்ரே திரையில். குழாயின் வாயிலிருந்து வளையம் விரிகிறது. முறிந்த துண்டின் நுனியை வளையத்துக்குள் விட்டுச் சுருக்கை இழுக்கிறார். மாட்டிக்கொண்டது! அப்படியே குழாய்க்குள் இழுத்து வெளியே எடுத்துவிடுகிறார். துளை மேல் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நின்றுவிடும்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற, தோலுக்கு அடியில் ஒரு சிறு டப்பியும் அதிலிருந்து இருதயம் நோக்கிப் போகும் மெல்லிய குழாயும் வைப்பார்கள். அந்தக் குழாய் காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே அகப்பட்டு, நாளடைவில் தேய்ந்து அறுந்துவிடுவது உண்டு. மருந்து ஏறாது, அல்லது அந்த இடம் வீங்கும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது! எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் தெரியும். இவர்களுக்கெல்லாம் இந்தச் சுருக்கு ஒரு வரப்பிரசாதம்.

எல்லாத் துண்டையும் எடுத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. பல காலமாகச் சதையோடு ஒட்டிப்போனதைப் பிடித்து இழுத்தால் அதுவே ஆபத்து. விட்டுவைப்பதா எடுப்பதா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மூன்று வருஷம் மறந்த குழாய்

இனி குறைக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர். சிறுநீரகத்தில் கல். ஆஸ்பத்திரியில் கல்லை உடைத்து எடுத்தார்கள். வீக்கம் வடியும்வரை சிறுநீர் தடையில்லாமல் இறங்க, உள்ளே ஒரு குழாய் வைத்தார்கள். இரண்டு நுனியும் சுருண்டிருக்கும். ‘டி.ஜே. ஸ்டெண்ட்’ என்பார்கள். சில வாரங்களில் எடுத்துவிட வேண்டிய குழாய் அது. எடுப்பதும் சுலபம். சிறுநீர் வரும் வழியாகவே சிறு கருவியை விட்டு, சில நிமிஷத்தில் உருவிவிடலாம். கத்தியே வேண்டாம்.

வலி போயிற்று. கடையைத் திறந்தார். வியாபாரம், மகள் கல்யாணம், மழையில் ஒழுகிய கூரை... குழாய் மறந்தே போயிற்று. மூன்று வருஷம்!

பிறகு இடுப்பில் வலி. குளிர்காய்ச்சல். சிறுநீரில் ரத்தம். படம் எடுத்தார்கள். வெந்நீர் அண்டாவின் அடியில் உப்புப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். குழாய் முழுவதும் அப்படிக் கல் படிந்து, நடுவில் இரண்டாக முறிந்து கிடந்தது. சில நிமிஷ வேலை மூன்று ஆபரேஷனாயிற்று. கீழே ஒரு முறை, முதுகில் துளையிட்டு இரு முறை. சிறுநீரகம் தப்பியது பெரிய காரியம். கடையை இரண்டு மாதம் பூட்டியதும் நகை அடகுக்குப் போனதும் தனிக் கதை.

“மறந்தது அவர் குற்றம்தானே!” என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். “சீட்டில் எழுதியிருக்கிறோமே!” என்றார்களாம்.

அந்தச் சீட்டை நான் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில், பத்து மருந்துப் பெயர்களுக்குக் கீழே, ஒரே ஒரு வரி. அதுவும் ஆங்கிலத்தில்! அவரோ நாற்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் தமிழ் படித்தவர். கடைப் பலகையைக் கூட்டிக் கூட்டி வாசிப்பவர். அவர் மறந்தார் என்று எப்படிச் சொல்வது? முதலில் அவருக்குத் தெரிவித்தால் அல்லவா மறப்பதற்கு!

நகைக் கடனுக்கு ஒரு தவணை தவறினால் மறுநாளே போன் வருகிறது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்தால் செய்தி வருகிறது. சிறுநீரகத்தில் கிடக்கும் குழாயைப் பற்றி மூன்று வருஷமாக ஒரு போன் வரவில்லை. இது நியாயமா?

நோயாளிக்கும் பொறுப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வைத்த கைக்குத்தான் முதல் பொறுப்பு.

இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. கால் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போகாமல் தடுக்க, வயிற்றின் பெரிய ரத்தக் குழாயில் குடைக்கம்பி போன்ற வலை வைப்பார்கள். அமெரிக்காவில் 2005 முதல் இந்த வலை பற்றி 921 புகார்கள் வந்ததாக 2010-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா அறிவித்தது. வலை இடம் நகர்ந்தது என்று மட்டும் 328! அவசியம் தீர்ந்ததும் வலையை எடுப்பதைப் பற்றி யோசியுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொன்னது அந்த இலாகா.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். உடலுக்குள் எதை வைத்தாலும் ஒரு தனி அட்டை கொடுங்கள். தமிழில், பெரிய எழுத்தில்: “உங்கள் உடலுக்குள் குழாய் இருக்கிறது. இந்தத் தேதியில் எடுக்க வேண்டும்.” ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி தாண்டியவர்களுக்கு ஒருவர் உட்கார்ந்து போன் செய்யட்டும்.

வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் எல்லோரும் பில் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். “உள்ளே ஏதாவது வைத்திருக்கிறீர்களா? எப்போது எடுக்க வேண்டும்?” என்றும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். மளிகைக் கடைக்காரர் மனைவிக்குப் போன மாதம் அதே கல், அதே குழாய். இந்தத் தடவை அவர் டாக்டரிடமே பேனாவை நீட்டி, கடை காலண்டரில் தேதியை எழுதி வாங்கி வந்திருக்கிறார். வருகிற புதன்கிழமை கடைக்கு அரை நாள் விடுமுறையாம்.