‘எனக்கு கணக்கு வராது’ - இந்த எண்ணம் வேலையிடம் வரை துரத்துவது ஏன்?

‘எனக்கு கணக்கு வராது’, ‘அவன் பிறவிப் புத்திசாலி’. வகுப்பறைகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் வார்த்தைகள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: திறமை பிறப்பிலேயே வருவது, அதை மாற்ற முடியாது. பயிற்சி, சரியான உத்தி, பிறர் உதவி ஆகியவற்றால் திறமை வளரும் என்ற எதிர் எண்ணமே ‘வளர்ச்சி மனப்பான்மை’. அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் 2006-ல் எழுதிய ‘மைண்ட்செட்’ புத்தகம் இதைப் பிரபலமாக்கியது.

பாராட்டுவதில் என்ன சிக்கல்?

கிளாடியா முல்லரும் டுவெக்கும் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், 5-ம் வகுப்பு மாணவர்களுக்குப் புதிர்கள் தரப்பட்டன. முடித்ததும் சிலரை ‘நீ புத்திசாலி’ என்றும், சிலரை ‘நல்லா முயற்சி செஞ்சே’ என்றும் பாராட்டினார்கள். அடுத்து வந்த கடினமான சுற்றில் எல்லோருமே திணறினர். மறுபடி எளிய புதிர்கள் வந்தபோது ‘புத்திசாலி’ குழு முன்பைவிடச் சறுக்கியது. ‘முயற்சி’ குழு முன்னேறியது. மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது ‘புத்திசாலி’ குழுவில் 10-ல் கிட்டத்தட்ட 4 பேர் கூட்டி எழுதினார்கள்.

இதற்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம்?

தேர்வுக் கேள்விக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. வேலையில் அப்படியில்லை. சோதனையில் நன்றாக ஓடிய மென்பொருள் வாடிக்கையாளரிடம் போனதும் நின்றுவிடும். அதைச் சரிசெய்ய, முதலில் ஒருவர் ‘இங்க தப்பு நடந்திருக்கு’ என்று சொல்ல வேண்டும்.

1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகம் பதிவாவதைக் கண்டார். அங்கே தவறுகளை மறைக்காமல் வெளிப்படையாகப் பேச முடிந்ததே இதற்குக் காரணம் என்பது அவரது விளக்கம்.

வகுப்பில் எடுத்துச் சொன்னால் போதுமா?

போதாது. அமெரிக்காவில் சுமார் 12,000 மாணவர்களிடம் நடந்த ஆய்வு 2019-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பாடம், பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் சராசரியை 4-க்கு 0.1 புள்ளிதான் உயர்த்தியது. சவாலான வேலையை எடுத்துச் செய்வதை சக மாணவர்களும் ஆதரித்த பள்ளிகளில் பலன் கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தில் நடந்த ஒரு பெரிய சோதனையில் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை. சுவரில் ‘முயன்றால் முடியும்’ என்று எழுதிவைத்து, ஒரு தப்புக்கு வகுப்பே சிரிக்கும் என்றால் மாணவர் எதை நம்புவார்?

தமிழ்நாட்டில் என்ன நிலை?

பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் 2017-ல் கைவிடப்பட்டது. 2022 மார்ச் 1-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது. ஆனால் ஆய்வகத்தில் ரீடிங் சரியாக வராவிட்டால், தெரிந்த விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டை நிரப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. வேலையிடத்தில் பிரச்சினையை மறைக்கும் பழக்கத்துக்கு இதுவே ஒத்திகை.

மாற்றத்தை இங்கிருந்தே தொடங்கலாம். தவறான ரீடிங்கை அப்படியே எழுதி, எங்கே பிசகியது என்று விளக்கும் மாணவருக்கும் மதிப்பெண் தரலாம். திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்து, தப்பான கணக்கை மீண்டும் போடவைத்து, அதற்கும் மதிப்பெண் தரலாம். இதற்குத் தனிப் பாடவேளை தேவையில்லை. மதிப்பெண் போடும் முறையை மாற்றினாலே போதும்.