கோடு கிழித்த கை

மலை உண்டு, கடல் உண்டு, மலைக்கு அப்பால் பாலையும் உண்டு. குறிஞ்சியும் நெய்தலும் பாலையும் ஒரே எல்லைக்குள் குடியிருக்கும் விந்தை நிலம், அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி! 10,000 அடிக்கு மேல் நிமிர்ந்த சான் அந்தோனியோ சிகரம் அதன் கிழக்கெல்லையில். மொஹாவே பாலை வடக்கே. பசிபிக் பெருங்கடல் தெற்கிலும் மேற்கிலும்.

2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்வோர் 1 கோடிப் பேர். அந்நாட்டின் 50 மாநிலங்களுள் 40 மாநிலங்கள், மக்கள் தொகையில் இந்த ஒரு கவுண்டிக்கு ஈடாகா! அதனுள் 88 நகரங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனி மன்றம், தனி ஆட்சி.

ஆகா, எத்தனை அழகான ஏற்பாடு என்பீர்கள். அவசரப்படாதீர்கள் தோழர்களே! திரை இப்போதுதான் விலகுகிறது.

1940இல் பாசடீனாவையும் லாஸ் ஏஞ்சலசையும் இணைத்து, அர்ரோயோ செக்கோ விரைவுச் சாலை திறக்கப்பட்டது. பின்னர் சாலைகள் பெருகின. சாலை வேண்டாமென்று எவர் சொன்னார்? சாலை நாட்டின் நரம்பு. ஆனால், எவர் வீட்டை இடித்து, எவர் வண்டி ஓடச் சாலை? அதுதான் கேள்வி!

பாயில் ஹைட்ஸ், உழைப்பாளர் வாழும் பகுதி. 1960களில் அங்கே விரைவுச் சாலைகள் பல பின்னிப் பிணைந்தன, வீடுகள் வீழ்ந்தன. ஹாலன்பெக் பூங்காவின் ஏரியோரத்தையும் சாலை விட்டு வைக்கவில்லை. செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸ் ஊடேயும் ஒரு சாலைக்குத் திட்டமிட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது, 1970களில் திட்டம் மடிந்தது! தெற்குப் பாசடீனா, சில பத்தாயிரம் பேர் வாழும் சிறு நகரம். தன்னைப் பிளக்க வந்த 710ஆம் எண் சாலையைப் பல்லாண்டுகள் வழக்காடித் தடுத்தது. மாற்றாக வந்த சுரங்கத் திட்டமும் 2018இல் கைவிடப்பட்டது.

ஏன் இந்த வேறுபாடு? பணம் ஒரு காரணம், மறுக்கவில்லை. மற்றொன்று, மன்றம்! பெவர்லி ஹில்சுக்கு மன்றம் உண்டு. தெற்குப் பாசடீனாவுக்கும் உண்டு. கிழக்கு லாஸ் ஏஞ்சலசில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். மேயர் இல்லை, நகர மன்றம் இல்லை! அதன் மார்பைத்தான் சாலைகள் குறுக்கும் நெடுக்கும் கிழித்தன. தனி நகராக 1974இல் வாக்கெடுப்பு நடந்தது. வரி ஏறுமென்ற அச்சம் வென்றது. 2012இல் மீண்டும் முயன்றனர். வருவாய் போதாதென்று மறுக்கப்பட்டது. வறுமையால் உரிமை இல்லை; உரிமை இல்லாததால் வறுமையைத் துரத்த வழியில்லை! சுழலில் சிக்கிய ஓடம்!

நகரமற்ற அப்பகுதிகளுக்கு நேரடி ஆட்சி, கவுண்டியின் ஐவர் குழு. 1 கோடி மக்களுக்கு ஐவர். ஒருவர் தோளில் 20 லட்சம் பேர்! எவர் குறையை எவர் கேட்பது? 2024 நவம்பரில் மக்கள் வாக்களித்தார்கள்: ஐவர் ஒன்பதின்மர் ஆகட்டும் என்று. நல்ல தொடக்கம், ஆயினும் தொடக்கமே!

வரைபடத்தின் கோடுகள் வெறும் மையென்று எண்ணாதீர். ஒரு கோடு ஒருவனுக்கு அரண். மற்றொரு கோடு மற்றொருவன் வீட்டின்மேல் பாய்ந்த வாள். வாளைத் தடுக்கும் கேடயம் கண்ணீர் அன்று, வாக்கு! அந்த வாக்கு முழங்க மன்றம் வேண்டும். மன்றமில்லா மக்களின் மண்மீது, மாற்றார் போட்டதே பாதை!