வாயில்லாச் சீவனின் மூச்சு

மனிதனுக்கு மூச்சுத் திணறினால் நெஞ்சைத் தொட்டுக் காட்டியாவது சொல்லிவிடுவான். வாயில்லாச் சீவன் என்ன செய்யும்? ஏரியூர் வட்டாரத்தில் மானாவாரி நிலமும் இரண்டு மாடும் நான்கு ஆடுமே பல குடும்பங்களின் சொத்து. ஆகவே அவற்றின் மூச்சை அறிவது நமக்குக் கட்டாயப் பாடம் என்பது என் கருத்து.

ஓய்வாக நிற்கும் வளர்ந்த மாடு நிமிடத்திற்குச் சுமார் 10 முதல் 30 முறை மூச்சு விடும். விலாவின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்தே எண்ணிவிடலாம். கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஆபத்து. இடப்பக்க வயிறு முரசுபோல் உப்பியிருந்தால் அது உப்புசம். நுரையீரலை விரியவிடாமல் நெருக்கும். காய்ச்சலோடு தொண்டை வீங்கினால் தொண்டை அடைப்பானாக இருக்கலாம். மழைக்காலத்திற்கு முன் போடும் தடுப்பூசியே அதற்குக் காப்பு.

மூன்றாவது ஆபத்து நம் வயலிலேயே விளைகிறது. குச்சிக்கிழங்குத் தழையையோ வாடிய இளஞ்சோளப் பயிரையோ பசியோடு மேய்ந்த மாட்டின் உடலில் சயனைடு நஞ்சு உண்டாகலாம். காற்று உள்ளே போகும்; இரத்தத்தில் பிராணவாயுவும் இருக்கும்; உயிரணுக்களால்தான் அதைப் பயன்படுத்த முடியாது. ஈறு செக்கச்செவேலென்றிருக்க, மாடு மூச்சுக்குத் தவிக்கும். சில நிமிடங்களில்கூட உயிர் போய்விடும். சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் மருந்துகளை மருத்துவர் உடனே இரத்தக் குழாயில் ஏற்றினால் பிழைக்க வழியுண்டு.

இந்நேரத்தில் நம்மவர் செய்வது என்ன? மாட்டின் தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் எண்ணெயோ கஷாயமோ புகட்டுகிறார்கள். எண்ணெய் சிலவகை உப்புசத்திற்கு மருந்துதான். ஆனால் திணறும் மாட்டுக்குப் புகட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும்; நோய்க்குத் தப்பிய மாட்டை மருந்து கொன்றுவிடும். தீவனத்தை விலக்குங்கள், நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள், 1962 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

"கலைக் கல்லூரிக்கும் கால்நடைக்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்கலாம். நம்மில் பலர் பால் விற்ற காசில் படிப்பவர்கள் அல்லவா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். அதில் ஒரு நாளைக் கால்நடை மருத்துவரிடம் பாடம் கேட்க ஒதுக்குவோம். நஞ்சு முறிக்கும் மருந்து நம் மருந்தகத்தில் இருப்பில் உள்ளதா என்பதைச் சோளம் முளைக்கும் முன்பே கேட்டறிவோம். கேட்டதை ஊர்ச் சாவடிச் சுவரில் எழுதி வைப்போம். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன்.