தேயிலைக் கட்டையில் ஒரு குட்டி மரம்



இம்மாதம் தொட்டியில் வளர்க்கும் குட்டி மரம் பற்றிப் பார்ப்போம். இதனைப் பொன்சாய் என்பார்கள். சீனாவில் தொடங்கி யப்பானில் செழித்த கலை இது. கன்றிலிருந்து வளர்த்தால் அடிமரம் பருக்கப் பல வருடங்கள் செல்லும். அதனால் யப்பானியர் மலைகளில் காற்றுக்கும் பனிக்கும் குறுகிப்போன பழைய மரங்களைப் பெயர்த்து வந்து வடிவமைத்தார்கள்.

நமது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பக்கம் அதற்கு ஏற்றது தேயிலைதான். வெட்டாமல் விட்டால் 30 அடிக்கு மேல் வளரும் மரத்தை, கவ்வாத்து வெட்டியும் கொழுந்து பறித்தும் இடுப்பளவில் வைத்திருக்கிறோம். மட்டக்கம்பு வைத்துக் கொழுந்தெடுத்த கைக்கு இந்தக் கலை பாதி பழக்கமானதே.

மீள்நடுகைக்காகப் பழைய மலையைப் பிடுங்கும்போது கட்டைகள் விறகாகப் போகின்றன. தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு அதில் ஒன்றைப் பெறுங்கள். சரிவில் நிற்கும் காட்டு மரத்தைத் தோண்ட வேண்டாம். சரிவு மண்ணைப் பிடித்திருப்பது வேர். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை.

ஒக்டோபர் மழை தொடங்கியதும் கட்டையை எடுப்பது நல்லது. ஆணிவேரைக் குறைத்து, அடியிலுள்ள சல்லிவேர்களைக் காப்பாற்றுங்கள். ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, அடியில் துளையிட்ட மரப்பெட்டியில் நடுங்கள். ஆற்றுமணல், செங்கல் குறுணி, மக்கிய இலை மூன்றும் சம அளவு போதும். தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும். ஆகவே அடுப்புச் சாம்பலோ சுண்ணாம்போ போடாதீர்கள்.

முதல் வருடம் எதையும் வெட்டாதீர்கள், வளைக்காதீர்கள். பெயர்த்த மரம் முதலில் வேர் பிடிக்க வேண்டும். இலைகளே அதற்கு உணவு தருகின்றன. நிழலில் வைத்து, மண் காயாமல் பாருங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் கூடிய கவனம் தேவை.

இரண்டாம் வருடம் நான்கைந்து கிளைகளை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டலாம். வளைக்க வேண்டிய இளங்கிளையில் செப்புக்கம்பியைச் சுற்றி, பட்டையில் பதிய முன் கழற்றிவிடுங்கள். வெட்டுவாய் நடுவிலிருந்து மூடுவதில்லை. ஓரத்துப் பட்டை மெல்ல உருண்டு வந்து மூடும், அதற்கு வருடங்கள் எடுக்கும். கட்டையில் பொந்தோ பட்டுப்போன பகுதியோ இருந்தால் சுத்தம் செய்து அப்படியே விடுங்கள். யப்பானியர் அதையே அழகாகக் காட்டுவார்கள். வேர் நன்கு நிறைந்த பின்னரே தட்டையான தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறி, அங்கும் போரால் இடம்பெயர்ந்த சகோதரிகளையும் நினைத்தே எழுதுகிறேன். அந்த வெயிலுக்குத் தேயிலை சரிவராது. இடிந்த வீட்டுச் சுவரில் முளைக்கும் ஆலங்கன்று அங்கே நல்ல பொன்சாயாகும். விட்டால் அதன் வேர் சுவரைப் பிளந்துவிடும், எடுப்பது வீட்டுக்கும் நல்லது. ஆனால் கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தாத காணிக்குள் கன்றுக்காகவோ விறகுக்காகவோ காலை வைக்காதீர்கள்.

விற்கும் அளவுக்கு ஒரு மரம் அழகு பெற நான்கைந்து வருடமாவது வேண்டும். எனவே இதை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். கையிலிருக்கும் தொழிலோடு, தண்ணீர் ஊற்றும் சிறு வேலையாக இதுவும் இருக்கட்டும். பெட்டிக்குப் பழைய பலகையே போதும்.